நாலு கவுன்ட்டர், ஒரே கல்லாப்பெட்டி: பால்கோவா கடை கற்றுத்தரும் இன்டர்நெட் வேக ரகசியம்!

ஆடிப்பூரத் தேரோட்டம் அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் நின்றவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆண்டாள் தேர் நகர வேண்டும் என்றால், வடம் பிடித்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். பாதிப் பேர் இப்போது, மீதிப் பேர் அப்புறம் என்று இழுத்தால் தேர் அசையாது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுபவர் கையைத் தூக்கினால், அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

அதே நாளில், அதே வீதியில் உள்ள பால்கோவா கடையைப் பாருங்கள். அங்கே கூட்டத்தைச் சமாளிப்பது வேறு கணக்கு. நாலு கவுன்ட்டர் போட்டால் நாலு பேரும் தனித்தனியாக எடை போடலாம், கட்டிக் கொடுக்கலாம். ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லாப்பெட்டி ஒன்றுதான் என்றால்? நாலு பேரும் சில்லறைக்காக அந்த ஒரு பெட்டியின் முன்னால் வந்து நிற்பார்கள். ஆள் நாலு, வேகம் ஒன்றரை!

கைக்குள் இருக்கும் செல்போனிலிருந்து பெரிய டேட்டா சென்டர் வரை, இன்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கல்லாப்பெட்டிப் பிரச்னையோடுதான். கடையில் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறீர்கள். ஸ்பீக்கர் பெட்டி 'பணம் வந்தது' என்று சொல்லும்வரை கடைக்காரரும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்தச் சில நொடிகளில் உங்கள் செய்தி உங்கள் செயலி, உங்கள் வங்கி, நடுவில் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம், கடைக்காரரின் வங்கி என்று பல வாசல்களைத் தாண்டிப் போய்வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் ரூட்டர், ஃபயர்வால், லோடு பேலன்ஸர் என்று காவலாளிகள். ஒவ்வொரு காவலாளிக்குள்ளும் பல கோர்கள் கொண்ட ப்ராசஸர்.

2016-ல் தொடங்கிய யு.பி.ஐ, 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்தக் காவலாளிகளில் ஒருவர் திணறினாலும் ரத வீதியில் பால்கோவா வாங்குபவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

67 நானோ நொடியில் என்ன செய்ய முடியும்?

இன்டர்நெட்டில் போகும் எதுவும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. இவற்றுக்கு 'பாக்கெட்' என்று பெயர். வீடியோ என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் சுமார் 1,500 பைட் வரை இருக்கும். பணப்பரிவர்த்தனைச் செய்திகளும், இணையதளத்தின் முகவரி கேட்கும் விசாரணைகளும் பெரும்பாலும் சிறியவை. ஈதர்நெட்டில் அனுமதிக்கப்படும் மிகச்சிறிய அளவு 64 பைட்.

விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள ஒரு கேபிளில் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் வந்தால், விநாடிக்குச் சுமார் 8 லட்சம் வரும். அதே கேபிளில் மிகச்சிறிய பாக்கெட்டுகள் வந்தால்? ஒரு கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! வேகம் மாறவில்லை. வேலை மட்டும் 18 மடங்கு. ஏனென்றால் பொட்டலம் பெரிதோ சிறிதோ, காவலாளி பார்க்க வேண்டியது மேலே ஒட்டியிருக்கும் விலாசத்தை. ஒரு மூட்டை வந்தாலும் ஒரு சீட்டு, ஒரு கைப்பிடி வந்தாலும் ஒரு சீட்டு.

கணக்குப் போட்டால் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. 67 நானோ நொடியில் ஒளியே 20 மீட்டர்தான் ஓடும், அதாவது ஒரு சின்னத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. அதற்குள் விலாசத்தைப் படித்து, அனுமதி உண்டா என்று பார்த்து, எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று முடிவெடுத்து, கணக்கில் ஒன்றைக் கூட்டி அனுப்பிவிட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டரின் மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஒரே ஒரு தடவை அலமாரியைத் திறந்து பார்த்தாலே நேரம் முடிந்துவிட்டது! இப்போது டேட்டா சென்டர்களில் 100 ஜிகாபிட் கேபிள் சாதாரணம். அதில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 7 நானோ நொடிகூட இல்லை.

ப்ராசஸர் கைவிரித்த வருடம்

முன்பெல்லாம் இதற்கு ஒரு சுலப வழி இருந்தது. காத்திருப்பது! ஒன்றிரண்டு வருடங்களில் இன்னும் வேகமான ப்ராசஸர் வந்துவிடும். எழுதிய புரோகிராமை மாற்றாமலேயே வேகம் கூடிவிடும். 2004-ல் அந்தக் கதை முடிந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 ப்ராசஸர் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல் நிறுவனம், அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட சூடும் மின்சாரமும் கட்டுக்கடங்காமல் போனதுதான் காரணம்.

அதற்குப் பிறகு சிப் கம்பெனிகள் எல்லாம் எடுத்த வழி: ஒரு மூளையை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாகப் பல மூளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இப்போது சாதாரண ஸ்மார்ட்போனிலேயே எட்டு கோர். பெரிய சர்வரில் நூறைத் தாண்டிய கோர்கள்.

ஆனால் கோர் எட்டு மடங்கானால் வேலையும் எட்டு மடங்கு வேகமாக நடந்துவிடுமா? ஜீன் ஆம்டால் 1967-லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார். மொத்த வேலையில் 5 சதவிகிதம் மட்டும் 'ஒருவர் பின் ஒருவராகத்தான்' செய்ய முடியும் என்றால், எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. அந்த 5 சதவிகிதம்தான் பால்கோவா கடையின் ஒற்றைக் கல்லாப்பெட்டி. கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'லாக்' என்கிறார்கள். ஒருவர் பெட்டியைத் திறந்திருக்கும்போது மற்றவர்கள் நிற்க வேண்டும் என்பதுதான் பூட்டின் வேலை.

அனுபவமுள்ள கடைக்காரர்களுக்கு இதற்கு வழி தெரியும். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் ஒரு தனிப் பெட்டி. ராத்திரி கடை சாத்தும்போது நாலையும் கூட்டினால் அன்றைய வசூல். லினக்ஸ் கெர்னலும் அதையேதான் செய்கிறது. எத்தனை பாக்கெட் வந்தது என்ற கணக்கை ஒவ்வொரு கோரும் தனக்குத் தனியாக வைத்துக்கொள்கிறது. யாராவது கேட்டால் மட்டும் கூட்டிச் சொல்கிறது.

ராஜபாளையம் மில்லில் ஒரு பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். ஊருக்கு நாய் ஒரு அடையாளம் என்றால், நூல் மில் இன்னொன்று. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊர் ஊராகப் போகிறது.

ஸ்பின்னிங் மில்லுக்குள் ரிங் ஃப்ரேம் மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட மெஷின். இரண்டு பக்கமும் வரிசையாக நூற்றுக்கணக்கில் கதிர்கள். புதிய மெஷின்களில் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு கதிரும் தன் நூலைத் தானே சுற்றுகிறது. ஒன்றில் இழை அறுந்தால் மற்றவை நிற்பதில்லை. தேர் மாதிரி எல்லோரும் சேர்ந்து இழுக்கும் வேலை இது கிடையாது. மல்டிகோர் நெட்வொர்க் நிபுணர்கள் கனவு காணும் வடிவமைப்பே இதுதான். ஒவ்வொரு கோரும் ஒரு கதிர் மாதிரி, அடுத்ததைத் திரும்பிப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் பெண்ணைக் கவனித்தால் இன்னொரு விஷயமும் பிடிபடும். ஒவ்வொரு இழை அறும்போதும் பெல் அடித்து அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் தன் பக்கத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறார். அறுந்தது கண்ணில் பட்டால் ஒட்டிவிட்டு நடையைத் தொடர்கிறார்.

பழைய கம்ப்யூட்டர்கள் பெல் அடிக்கும் முறையில்தான் ஓடின. ஒரு பாக்கெட் வந்தால் நெட்வொர்க் கார்டு ப்ராசஸரைத் தட்டிக் கூப்பிடும். ப்ராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வரும். இதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர். விநாடிக்கு நூறு பெல் என்றால் பரவாயில்லை. லட்சக்கணக்கில் அடித்தால்? கதவைத் திறப்பதிலேயே பொழுது போய்விடும். உள்ளே எடுத்து வைத்த பொட்டலத்தைப் பிரிக்க நேரமே இருக்காது. கம்ப்யூட்டர் மூச்சுவாங்க ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு வேலையும் முடிந்திருக்காது.

'ரிசீவ் லைவ்லாக்' எனப்படும் இந்த நோயை அலசி 1996-ல் மருந்து சொன்னவர்கள் இருவர். ஜெஃப்ரி மோகல், கே.கே.ராமகிருஷ்ணன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர் ராமகிருஷ்ணன். கூட்டம் குறைவாக இருக்கும்போது பெல், கூட்டம் அதிகமானால் பெல்லை அணைத்துவிட்டு ரவுண்டு போய்ப் பார்ப்பது. இதுதான் அவர்கள் சொன்ன வைத்தியத்தின் சாரம். 2000-களின் தொடக்கத்தில் இதே கருத்து 'நாப்பி' என்ற பெயரில் லினக்ஸுக்குள் வந்தது. இன்று லினக்ஸில் ஓடும் எந்த சர்வருக்குள்ளும், ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இது இருக்கிறது. நெரிசல் வருவதற்கு முன்பே பாக்கெட்டில் ஓர் எச்சரிக்கைக் குறி போட்டு அனுப்பும் முறையை 2001-ல் இன்டர்நெட் தரமாக எழுதிய மூவரிலும் ராமகிருஷ்ணன் ஒருவர்.

பெல்லையே கழற்றி வீசியவர்

அடுத்த அடியை எடுத்து வைத்தவரின் பெயரும் நமக்குப் பழக்கமான பெயர்தான். வெங்கி வெங்கடேசன். இன்டெல் நிறுவனத்தின் இன்ஜினீயர். பெல்லே வேண்டாம், எப்போதும் ரவுண்டுதான் என்று 2010-ல் அவர் உருவாக்கிய மென்பொருள் தொகுப்பு 'டி.பி.டி.கே'. நெட்வொர்க் துறையில் அவரை 'டி.பி.டி.கே-யின் தந்தை' என்றே அழைக்கிறார்கள்.

அதன் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு கோரை முழுக்க நெட்வொர்க்குக்கே ஒதுக்கிவிடுவது. அது வேறு எந்த வேலையும் பார்க்காது. கார்டின் வாசலில் என்ன வந்திருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக எடுக்காமல் 32 பாக்கெட் மாதிரி ஒரு கையளவு சேர்த்து எடுக்கும். நடுவில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு நிற்பதில்லை, நேராகக் கார்டோடு பேசிவிடும். பொட்டலத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுப்பதும் இல்லை. வந்து இறங்கிய இடத்திலேயே வைத்து வேலையை முடிக்கும்.

லட்சக்கணக்கான ரூபாய் கொடுத்துத் தனி சிப் வைத்த பெட்டி வாங்கினால்தான் முடியும் என்றிருந்த வேலையை, சாதாரண சர்வரிலேயே செய்ய முடிந்தது. 2013-ல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டமாக வெளியே வந்தது. 2017-ல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் சேர்ந்தது. அதற்கு அடுத்த வருடம், 2018-ல் வெங்கடேசன் புற்றுநோயால் காலமானார். செல்போன் கம்பெனிகளின் உள் நெட்வொர்க்கில் டி.பி.டி.கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராமகிருஷ்ணனும் சும்மா இருக்கவில்லை. 2014-ல் அவர் பங்கேற்ற 'நெட்விஎம்' ஆய்வு, இதே டி.பி.டி.கே-யின் மேல் கட்டப்பட்டது. பெல்லைக் குறைத்தவரும் பெல்லைக் கழற்றியவரும் அந்த ஆய்வில் சந்தித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. மில்லில் மெஷின் நின்றாலும் அந்தப் பெண் நடந்துகொண்டே இருப்பது மாதிரி, ஒரு பாக்கெட்கூட வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் நூறு சதவிகிதம் ஓடும். மின்சாரக் கட்டணம் என்ன என்பது மில்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் லினக்ஸ்காரர்கள் 2016-ல் 'எக்ஸ்.டி.பி' என்ற இன்னொரு வழியைக் கொண்டுவந்தார்கள். பெல் இருக்கும், ஆனால் வாசல்படியிலேயே வேலை முடிந்துவிடும். தாக்குதல் நடத்த வரும் குப்பைப் பாக்கெட்டுகளை வீட்டுக்குள் விடாமலேயே தூக்கி எறிந்துவிடலாம். 2018-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு கோர் விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டுகளைக் கையாண்டது. ஃபேஸ்புக்கின் லோடு பேலன்ஸர் இதில்தான் ஓடுகிறது.

சாம்பாருக்கு முன்னால் பாயசம்

சரி, எட்டு கோர் இருக்கிறது. வரும் பாக்கெட்டுகளை எட்டுக்கும் பகிர்ந்து கொடுத்தால் போதாதா? முதலாவது முதல் கோருக்கு, இரண்டாவது இரண்டாம் கோருக்கு என்று வரிசையாகக் கொடுத்தால் என்ன?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இலைக்கு எட்டுப் பேர், யார் முன்னால் யார் பின்னால் என்ற ஏற்பாடு இல்லாமல் பரிமாறினால், சாம்பாருக்கு முன்னால் பாயசம் வந்துவிடும். இன்டர்நெட்டிலும் அப்படித்தான். ஒரு வீடியோவின் ஐந்தாம் பாக்கெட் இரண்டாவதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால், வாங்கும் பக்கம் 'இரண்டாவது எங்கே, இரண்டாவது எங்கே' என்று கேட்க ஆரம்பிக்கும். மூன்று முறை கேட்டுவிட்டால், அனுப்பும் பக்கம் அது தொலைந்துபோய்விட்டதாக நினைத்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எட்டுக் கோர் போட்டு வேகத்தைக் குறைத்த பெருமை வந்து சேரும்!

அதனால் ஓர் இலைக்கு ஒருவர்தான் பரிமாற வேண்டும். யார் எந்த இலைக்கு என்பதை யாரிடமும் கேட்காமல் முடிவு செய்யவும் வேண்டும். கேட்டால் மறுபடியும் பூட்டு, மறுபடியும் வரிசை. கடையில் இதற்குச் சுலபமான வழி உண்டு. வாடிக்கையாளரின் செல்போன் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, 'பூஜ்யம், ஒன்று எல்லாம் முதல் கவுன்ட்டர். இரண்டு, மூன்று எல்லாம் அடுத்தது' என்று பிரித்துவிட்டால், ஒரே ஆள் எத்தனை முறை வந்தாலும் அதே கவுன்ட்டருக்குப் போவார். நெட்வொர்க் கார்டு செய்வதும் இதுதான். அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கலந்து ஒரு எண்ணாக்கி, அதை வைத்து எந்தக் கோர் என்று தீர்மானித்துவிடும். 'ரிசீவ் சைடு ஸ்கேலிங்' என்று பெயர். சில ஆயிரம் ரூபாய் கார்டுகளிலும் இப்போது இது உண்டு.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து 50 கிலோ பால்கோவா கேட்கிறார். அவருடைய கடைசி இலக்கம் மூன்று. இரண்டாம் கவுன்ட்டர் அப்படியே நின்றுவிட்டது. மற்ற மூன்று கவுன்ட்டரில் ஈ ஓட்டுகிறார்கள். மூன்றாம் இலக்கக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட பாக்கெட் வெள்ளத்துக்கு நெட்வொர்க் துறையில் 'யானை' என்று பெயர். யானையை எப்படிப் பிரிப்பது, பிரித்தால் வரிசை குலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, அல்லது மற்றவர்களை எப்படி வேறு கவுன்ட்டருக்கு நகர்த்துவது என்பது இன்றுவரை முழுசாகத் தீராத கேள்வி. வருடா வருடம் இதன்மேல் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

626125 எங்கே இருக்கிறது?

ரூட்டருக்குள் நடக்கும் இன்னொரு வேலையையும் பார்த்துவிடலாம். 1972-ல் அஞ்சல் துறை பின்கோடு கொண்டுவந்தபோது என்ன யோசித்ததோ, கிட்டத்தட்ட அதே யோசனையில்தான் இன்டர்நெட் முகவரியும் ஓடுகிறது. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு 6 என்று தொடங்கினாலே போதும், தெற்கே போகும் பைக்குள் போட்டுவிடுவார். 626 என்றால் விருதுநகர் பக்கம். 626125 என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், 626117 என்றால் ராஜபாளையம். நெருங்க நெருங்க அதிக இலக்கம் பார்க்க வேண்டும்.

ரூட்டரிடம் இப்படிப்பட்ட முன்னொட்டுகள் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதில் மிக நீளமாகப் பொருந்துவதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு முறைக்கு மேல் அலமாரியைத் திறக்காமல். 1998-ல் வி.ஸ்ரீனிவாசனும் ஜார்ஜ் வர்கீஸும் ஒரு வழி சொன்னார்கள். விதவிதமான நீளத்தில் இருக்கும் முன்னொட்டுகளை, குறிப்பிட்ட சில நீளங்களுக்கு மட்டும் விரித்து எழுதிக்கொள்வது. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், தேடும் படிகள் குறைந்துவிடும். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பங்கஜ் குப்தா, ஸ்டீவன் லின், நிக் மெக்கியோன் மூவரும் சொன்ன வழி இன்னும் முரட்டுத்தனமானது. முகவரியின் முதல் 24 பிட்டுக்கு ஒரு கோடியே 67 லட்சம் கட்டம் போட்ட ஒரே அட்டவணை! பெரும்பாலும் ஒரே ஒரு பார்வையில் விடை கிடைத்துவிடும். டி.பி.டி.கே-க்குள் இருக்கும் தேடல் முறை இந்த வழியைச் சேர்ந்ததுதான்.

மும்பை ஐ.ஐ.டி-யில் 1981-ல் பி.டெக் முடித்த வர்கீஸைப் பற்றி இந்தத் துறையில் பேசாமல் இருக்க முடியாது. 'நெட்வொர்க் அல்காரித்மிக்ஸ்' என்று இந்தத் துறைக்குப் பெயராகவே ஆகிவிட்ட புத்தகம் அவருடையது. அதன் இரண்டாம் பதிப்பு 2022-ல் வந்தது. கல்லூரி அல்காரிதம் வகுப்பில் 'எத்தனை படிகள்' என்று மட்டும் எண்ணச் சொல்வார்கள். வர்கீஸ் எண்ணச் சொல்வது மெமரிக்கு எத்தனை முறை போய் வருகிறோம் என்பதை.

இந்த அட்டவணையை எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு வழி மாறினால் என்ன செய்வது? பூட்டுப் போட்டுத் திருத்தினால் எல்லோரும் நிற்க வேண்டும். கடையில் விலைப்பலகையை மாற்றும் விதத்தை நினைத்துப் பாருங்கள். தொங்கும் பலகையை அழித்து எழுதினால், பாதி பழைய விலை பாதி புது விலை என்று குழப்பம். பின்னால் வைத்துப் புதுப் பலகையை முழுசாக எழுதி, ஒரே அசைவில் மாட்டிவிட்டு, பழைய விலையைப் பார்த்துக் காசு எண்ணிக்கொண்டிருப்பவர்கள் முடித்துப் போனதும் பழையதைத் தூக்கிப் போட்டால்? யாரும் நிற்க வேண்டியதில்லை. பால் மெக்கென்னி 2002-ல் லினக்ஸுக்குள் கொண்டுவந்த 'ஆர்.சி.யு' இப்படித்தான் வேலை செய்கிறது.

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் இறங்குபவர்கள்

காலை எட்டு மணிக்கு மேல் மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் இறங்கும் கூட்டம் முழுக்கக் கல்லூரிக் கூட்டம்தான். 1984-ல் இன்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று பல்கலைக்கழகம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த 'டிஃபாக்' அமைப்பின் துணையோடு, நெட்வொர்க் இன்ஜினீயரிங்குக்கென்றே ஒரு 'கோர்' மையம் இங்கே அமைந்தது. இந்தக் 'கோர்' ப்ராசஸர் கோர் இல்லை. தொழில்துறைக்குத் தேவையான துறையில் சிறப்பு மையம் என்பதன் சுருக்கம். ராஜபாளையத்தில் 2013-ல் தொடங்கியது ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி. பருத்தியும் பாலும் பேர் சொன்ன இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்திலிருந்து, சென்னை, பெங்களூரு ஐ.டி கம்பெனிகளுக்கு வருடா வருடம் பிள்ளைகள் போகிறார்கள்.

போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கற்றது ஒற்றைக் கோருக்கான புரோகிராமிங். அதில் தப்பில்லை, அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் நெட்வொர்க் கம்பெனி இன்டர்வியூவில் 'எட்டுக் கோரில் ஓடும் ஒரு பாக்கெட் கவுன்ட்டர் எழுது' என்று கேட்டால், பூட்டுப் போட்டு எழுதுபவருக்கும் தனிப் பெட்டி வைத்து எழுதுபவருக்கும் கிடைக்கும் வேலை ஒன்றாக இருக்காது. முதலாமவர் அடுத்தவர் செய்த பெட்டியை ஓட்டிப் பார்க்கும் வேலைக்குப் போகலாம். இரண்டாமவர் அந்தப் பெட்டியைச் செய்யும் வேலைக்குப் போகலாம். வீட்டுக்கு வரும் சம்பளத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

நல்ல விஷயம், இதைக் கற்க லட்சங்கள் தேவையில்லை. லினக்ஸ் இலவசம், டி.பி.டி.கே இலவசம். குவாஹாட்டி ஐ.ஐ.டி-யின் ஜான் ஜோஸ் நடத்தும் மல்டிகோர் ஆர்க்கிடெக்சர் பாடம் என்.பி.டி.இ.எல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி லேபில் இருக்கும் நாலு கோர் கம்ப்யூட்டரே பரிசோதனைக்குப் போதும்.

முதல் பரிசோதனை இப்படி இருக்கலாம். சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம். நாலு த்ரெட்கள், ஒரே கவுன்ட்டரை ஆளுக்குப் பத்துக் கோடி முறை கூட்ட வேண்டும். கணக்குத் தப்பாமல் இருக்க, ஒவ்வொரு கூட்டலும் அட்டாமிக் முறையில் நடக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். ஒரே த்ரெட் அந்த நாற்பது கோடியையும் தனியாகக் கூட்டியிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடித்திருக்கும். கல்லாப்பெட்டிச் சண்டை!

அடுத்து, நாலு த்ரெட்டுக்கும் தனித்தனி கவுன்ட்டர் கொடுங்கள், ஓர் அரேயில் அடுத்தடுத்து. பிரச்னை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் எதிர்பார்த்த அளவு வேகம் வராது. நாலு பேருக்கும் தனி வரி இருந்தாலும் நோட்டின் பக்கம் ஒன்றுதானே? ஒருவர் எழுத வேண்டுமென்றால் பக்கத்தை அடுத்தவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும். ப்ராசஸருக்குள் அந்தப் பக்கத்தின் அளவு பெரும்பாலும் 64 பைட். அதைக் 'கேஷ் லைன்' என்பார்கள். புரோகிராமைப் பத்து முறை படித்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் எழுத்தில் தவறே இல்லை. தவறு இருப்பது வன்பொருளுக்குள்.

மூன்றாவது முறை, ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் இடையே 64 பைட் இடைவெளி விட்டு எழுதி ஓட்டிப் பாருங்கள். நாலு கோரும் நாலு கதிர் மாதிரி சுற்றும்.